மஞ்சள் கோட்டில் நின்ற ஆறு

மழைச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு மரம் அறுக்கும் ரம்பம் அலறியது. ஒன்று இரண்டு இல்லை, மூன்று ரம்பங்கள்.

நாற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்த செடிக்காரி, ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு வெளியே பாய்ந்தாள். மணி பகல் பன்னிரண்டு. வானம் என்னவோ விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருண்டு கிடந்தது.

"மம்பட்டி! வண்டியை எடு! வளைவுல எவனோ மரத்துல கை வச்சுட்டான்!"

பொக்லைன் ஓட்டுகிறவனுக்குச் சகாக்கள் வைத்த பட்டப்பெயர் மம்பட்டி. மண்கரை மேல் நின்ற இயந்திரத்துக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தவன் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"வண்டி கரையை விட்டு நகரக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானேக்கா?"

"இப்ப அதே ஆளு சொல்றேன், எடுடா!"

சொல்லிவிட்டு ஓடினாள். பூட்ஸ் இல்லாத கால் சேற்றில் புதைந்து புதைந்து வந்தது.

பெயர்தான் ஆறு. நாற்பது வருஷமாக அது ஒரு கான்கிரீட் தொட்டி. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், அடியில் வழவழவென்று தளம். வெள்ளத்தைச் சட்டுப்புட்டென்று ஊரைத் தாண்டி அனுப்பிவிட வேண்டும் என்று கட்டினார்கள். ஏழு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் சட்டுப்புட்டென்றுதான் போனது. போகிற போக்கில் பட்டறைத் தெருவிலிருந்து பதினோரு பேரையும் வாரிக்கொண்டு போனது. அதில் ஒருத்தி செடிக்காரியின் அண்ணி.

அதற்குப் பிறகுதான் புதுத் திட்டம் வந்தது. ஊருக்கு மேலே உள்ள வளைவில் வலது பக்கச் சுவரை உடைத்தார்கள். தளத்தைப் பெயர்த்தார்கள். கரையோரம் மரமும் நாணலும் வைத்தார்கள். அதற்கு அப்பால் கிடந்த தாழ்வெளியை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளம் வந்தால் தெருவுக்குள் நுழையாமல் அதில் பரவிப் படுத்துக்கொள்ளட்டும் என்று கணக்கு. இடது பக்கம் பட்டறைத் தெரு. அங்கே மட்டும் பழைய சுவர் அப்படியே நின்றது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தாழ்வெளியில் நட்ட இருபதாயிரம் கன்றுகளும் வேர் பிடிக்க மூன்று வருஷம் ஆகும். அதுவரை தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க, ஆற்றுக்கும் தாழ்வெளிக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு மண்கரை போட்டார்கள். பெருவெள்ளம் வந்தால் மட்டும் கரையை வெட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். எப்போது வெட்டுவது? ஊர்ப் பாலத்தின் தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் பொக்லைன் கரையை வெட்டும். தொடாதவரை ஒரு பிடி மண்ணை யாரும் எடுக்கக் கூடாது. நடவும் கரையும் செடிக்காரியின் பொறுப்பு.

இது மூன்றாவது மழைக்காலம். இதைத் தாண்டிவிட்டால் கன்றுகள் பிழைத்துவிடும்.

வளைவில் எட்டுப் பேர் நின்றார்கள். பின்னால் ஒரு லோடு வேன். அவள் வந்து சேர்வதற்குள் ஏழெட்டு மரம் விழுந்துவிட்டது. விழுந்த மரத்தை இரண்டு பேர் கம்பியால் நெம்பித் தள்ள, ஆறு அதை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இழுத்துப் போனது.

செடிக்காரி நேராக முதல் ரம்பத்திடம் போனாள். ஹெல்மெட் போட்ட ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று, ஆறு வயசு மரத்தின் இடுப்பில் ரம்பத்தை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கை சேற்றை அள்ளி அவன் முகக் கண்ணாடியில் அப்பினாள். ரம்பம் துள்ளியது. கண் தெரியாமல் அவன் அதை விசிற, அவளுடைய மழைக்கோட்டின் கை பிய்ந்து பறந்தது. தோளிலிருந்து முழங்கை வரை தோல் கிழிந்து வாய் பிளந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"விடு அவனை."

குரலைக் கேட்டதும் அவள் கை தளர்ந்தது. இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் சாய்த்தபடி அவளுடைய அண்ணன் நின்றான். பட்டறைத் தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன். ஊரில் ஓடுகிற பாதி இயந்திரங்கள் அவன் கையால் ரிப்பேர் ஆனவை.

"அண்ணே, உனக்கென்ன பைத்தியமா? வெள்ளம் ஓடுறப்ப மரத்தை வெட்டி ஆத்துல தள்ளுறியே!"

"இந்த மரந்தான் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கு. காலையிலேருந்து எங்க சுவர்ல ஏறிக்கிட்டே போகுது. என் பொண்ணுங்க ரெண்டும் மாடியில உக்காந்து அழுதுக்கிட்டிருக்குதுங்க. நீ இங்க நாணலுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நில்லு."

"பாலத்துல இன்னும் மஞ்சள்தான். சிவப்புக்கு ஒன்றரை அடி இருக்கு. இப்பதான் கேட்டேன்."

"பாலத்துலயா என் வீடு இருக்கு?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகக் கத்தினாள்.

"அண்ணி போனாளே, அவளை இழுத்துக்கிட்டுப் போனது மரமா? கான்கிரீட்டு! பிடிச்சுக்க ஒரு புல்லு இல்லாம சறுக்கிக்கிட்டே போனா. அதுக்காகத்தான்டா இதெல்லாம் நட்டேன்!"

"அவ பேரை உன் வாயால சொல்லாத!"

அறை விழுந்தது. காது ரீங்காரமிட அவள் நாணலுக்குள் போய் விழுந்தாள். எழுவதற்குள் ஒருவன் அவள் விலாவில் உதைத்தான். இன்னொருவன் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டை அவள் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது, அவன் ஊளையிட்டான்.

அப்போது கரை அதிர்ந்தது.

பொக்லைன் வந்துவிட்டது. மம்பட்டி சண்டை என்று வந்தால் வாயை வீணாக்குகிற ரகம் இல்லை. வாளியைத் தாழ்த்தினான். லோடு வேனின் வயிற்றுக்கடியில் கொடுத்தான். குப்பைக்கூடையைக் கவிழ்ப்பது போல ஒரே நெம்பு. வேன் இரண்டு குட்டிக்கரணம் போட்டு ஆற்றில் விழுந்து, நான்கு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டியபடி பாலத்தை நோக்கிப் புறப்பட்டது.

"டேய், வண்டிடா! தவணை கூட முடியலடா!"

"நடந்து போங்கடா, உடம்புக்கு நல்லது!" என்றான் மம்பட்டி. சொல்லிக்கொண்டே வாளியை அரைவட்டமாகச் சுழற்றினான். ஆட்கள் சிதறினார்கள். ஒருவன் தாமதித்தான். வாளியின் விளிம்பு அவன் இடுப்பில் தட்ட, பத்தடி தள்ளிப் போய்க் குப்புற விழுந்து, எழ மாட்டாமல் புரண்டான்.

அண்ணன் சிதறவில்லை. சுழல்கிற கைக்கு அடியில் குனிந்து பொக்லைனின் சங்கிலிச் சக்கரத்தின் மேல் ஏறினான். குழாயை ஓங்கி முன்கண்ணாடியில் அடித்தான். ஒரே அடியில் கண்ணாடி பொலபொலவென்று உள்ளே கொட்டியது. மம்பட்டி கதவைத் திறந்து அவனை உதைத்துத் தள்ளப் பார்த்தான். மம்பட்டியின் வலது கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. குழாய் அந்தக் கையின் மேல் இறங்கியது.

கேட்ட சத்தம் சின்னதுதான், காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. மம்பட்டி போட்ட சத்தத்தில்தான் ரம்பங்கள்கூட நின்றன.

அவன் கீழே சரிந்து, கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு மண்டியிட்டான். விரல்கள் போகக் கூடாத திசையில் போயிருந்தன. செடிக்காரி தவழ்ந்து போய் அவனைத் தாங்கிக்கொண்டாள்.

"கொலைகாரப் பாவி! அவன் என்னடா பண்ணினான் உனக்கு?"

அண்ணன் குழாயையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் இடுப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த போன் அடித்தது. பாலத்தில் நின்று அளவு பார்க்கிற பொறியாளர். எதையும் ஒரு செண்டிமீட்டர் தப்பாமல் சொல்வதால் ஸ்கேல் சார். மழையில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது என்று அவள் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் போடுவாள்; இப்போதும் விரல் தானாக அதை அழுத்தியது.

"அம்மா, நல்ல சேதி! கீழ்ப்பக்கத் தூணுல தண்ணி இறங்குது. கால் மணி நேரத்துல பதினாலு செண்டிமீட்டர். மஞ்சளுக்கும் கீழ போயிடுச்சு."

எட்டுப் பேரும் கேட்டார்கள். விழுந்து கிடந்தவன்கூடக் கேட்டான்.

"பாத்தியா!" என்று ஒருவன் குதித்தான். "மரத்தை வெட்டினதும் இறங்கிடுச்சு! வெட்டுங்கடா மிச்சத்தையும்!"

ரம்பம் மறுபடி உறுமியது.

செடிக்காரி வானத்தைப் பார்த்தாள். மழை இன்னும் கொட்டுகிறது. மேலே இருந்து வருகிற தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. அப்படியிருக்கப் பாலத்துக்குக் கீழே ஏன் இறங்குகிறது?

"சார், பாலத்துக்கு மேல்பக்கம் எட்டிப் பாருங்க. மரம் ஏதாச்சும் நிக்குதா?"

போனில் அவர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்கேல் சாரின் குரல் கம்மிப்போய் வந்தது.

"ஐயோ அம்மா... பாலத்துக்கு அடியில தண்ணி போற ரெண்டாவது கண்ணு, மூணாவது கண்ணு ரெண்டும் அடைச்சுக்கிச்சு. மரமா குவிஞ்சு கிடக்கு. நடுவுல ஒரு வேன் வேற செருகியிருக்கு. தண்ணி அந்தப் பக்கமே நிக்குது."

அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பட்டறைத் தெருச் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'ஆற்றில் இறங்காதீர்' என்று எழுதியிருக்கும். விடியற்காலையில் முழு வாக்கியமும் தெரிந்தது. இப்போது எழுத்துகளின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேல் முளைத்து நின்றது. அதற்கு மேல் சுவர் ஒரு முழம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீரைவிடப் பள்ளத்தில், தகரக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. அதில் ஒரு மொட்டைமாடியில் இரண்டு சின்ன உருவங்கள் ஒரே தார்பாலினைப் போர்த்திக்கொண்டு நின்றன.

பாலம் அடைத்தது இப்போதுதான். ஆனால் சுவரில் எழுத்து முழுகத் தொடங்கியது காலையில். அப்போதும் பாலத்தில் மஞ்சள்.

அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகவே தெரியும்.

"அண்ணே," என்றாள். "அண்ணே, ரம்பத்தை நிறுத்தச் சொல்லு. கரையை வெட்டணும். இப்பவே."

"எந்தக் கரையை?"

"மண்கரையை. தாழ்வெளிக்குள்ள தண்ணியை விடணும். இல்லேன்னா அரை மணி நேரத்துல உங்க சுவர்மேல ஏறிடும்."

அவன் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "சிவப்பைத் தொட்டாத்தானே வெட்டுவே? இப்ப மஞ்சளுக்கும் கீழ இறங்கிடுச்சுன்னு உன் சார் சொல்றாரு. மரத்தைக் காப்பாத்த என்னவெல்லாம் கதை விடுறே!"

"அந்தக் கோடு தப்பு!"

கத்திவிட்டாள். ரம்பக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பழைய கோடு. தொட்டி கான்கிரீட்டா இருந்தப்ப போட்டது. அப்ப இங்க எவ்வளவு ஏறுதோ அவ்வளவு அங்கயும் ஏறும். இப்ப மரம், நாணல், கல்லு எல்லாம் தண்ணியைத் தடுத்துத் தடுத்து விடுது. வளைவுல ரெண்டு அடி கூட நிக்கும், பாலத்துல தெரியாது. நீ சொன்னது சரிதான். மரம் தண்ணியைப் பிடிக்குது. பிடிச்ச தண்ணி தாழ்வெளிக்குப் போகணும். அதுதான் திட்டமே. நான்தான் அந்த வழியை அடைச்சு வச்சிருக்கேன்."

அண்ணன் மெல்ல அவளருகில் வந்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷம். வளைவுலயும் ஒரு கோடு போடணும்னு ஸ்கேல் சார் ரெண்டு வாட்டி எழுதினாரு. தேவையில்லைன்னு நான் எழுதினேன்."

"ஏன்?"

"வளைவுல கோடு போட்டா போன மழைக்கே கரையை வெட்ட வேண்டியிருந்திருக்கும். ரெண்டு வயசுக் கன்னு. எல்லாம் செத்திருக்கும். இன்னும் ஒரே ஒரு மழைக்காலம் தாண்டிட்டா..."

"கன்னு," என்றான் அவன்.

குழாயை விட்டெறிந்தான். இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய்ப் பொக்லைனின் இரும்பில் சாத்தினான். அவள் பின்மண்டை இடித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவள் அவன் கையை விலக்கப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழுதுகொண்டே நெரித்தான்.

"அடிக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்ணே," என்று கீழேயிருந்து குரல் வந்தது. மம்பட்டி. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "அவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க. தண்ணிதான் ஓடுது."

கை தளர்ந்தது. அவள் இருமிக்கொண்டே சரிந்தாள்.

"நீ எழுந்து ஓட்டு," என்றான் அண்ணன் மம்பட்டியைப் பார்த்து.

"எதால ஓட்ட? பல்லாலயா?" மம்பட்டி கையைத் தூக்கிக் காட்டினான். "ரெண்டு கைக்கும் வேலைண்ணே இதுல. ஒண்ணை நீதான் ஒடிச்சுட்டே."

பொக்லைனைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான் இருந்தான். ஓட்டியும் பார்த்திருக்கிறான், பட்டறை வாசலில், முன்னும் பின்னுமாகப் பத்தடி. ஆற்றங்கரையில் வைத்து வெட்டியதில்லை.

அண்ணன் பொக்லைனில் ஏறினான். உடைந்த கண்ணாடிச் சில்லைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு இருக்கையில் உட்கார்ந்தான். கை வைத்த இடமெல்லாம் ரத்தம்.

"ரம்பத்தை அணைங்கடா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "இன்னொரு மரம் தண்ணியில விழுந்துச்சு, இந்த வாளியாலயே உங்களைக் கரைக்குள்ள புதைச்சிடுவேன்!"

பொக்லைன் மண்கரை மேல் ஏறியது. செடிக்காரி பக்கத்திலேயே ஓடினாள். இடம் காட்ட வேண்டியவள் அவள்தான். கரையின் எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் முழு வேகத்தில் போகும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த இடத்தைத்தான் அவள் மூன்று வருஷமாக மண் கொட்டிக் கொட்டிப் பலப்படுத்தியிருந்தாள். அதற்கு நேர் கீழே கன்றுகள் வரிசை வரிசையாக, இடுப்பு உயரத்துக்கு, மழையில் தலையாட்டிக்கொண்டு நின்றன.

"இங்கதான்," என்றாள்.

மம்பட்டி ஓட்டுநர் அறையின் படியில் தொற்றிக்கொண்டான். ஒடிந்த கை நெஞ்சில், நல்ல கை கதவில்.

"ஆழமாக் குத்தாதண்ணே, சீவு. சீவிச் சீவி எடு. தண்ணி எட்டிப் பாத்துச்சுன்னா அதுவே மிச்சத்தைத் தோண்டிக்கும். நீ பின்னாடி வந்துக்கிட்டே இருக்கணும், புரியுதா? வெட்டின பள்ளத்துக்குப் பக்கத்துல நிக்கவே கூடாது."

"வாயை மூடிக்கிட்டுச் சொல்லுடா."

"வாயை மூடிக்கிட்டு எப்படிண்ணே சொல்றது?"

முதல் வாளி மண் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது. அண்ணன் வெட்டுகிற விதத்தில் அளவு இல்லை. எதிரியின் வயிற்றில் குத்துகிற மாதிரி குத்தினான். அவன் கண் கரையில் இல்லை. குத்துக்குக் குத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடியைப் பார்த்தது. சுவரில் எழுத்து எதுவும் இப்போது மிச்சமில்லை. காற்று தள்ளிய அலை ஒன்று சுவரைத் தாண்டித் தெருவுக்குள் தெறித்ததை எல்லோருமே பார்த்தார்கள். அங்கேயிருந்து பெண்களின் கூச்சல் ஆற்றைத் தாண்டி வந்தது.

"பின்னாடி வாண்ணே! பின்னாடி!"

அவன் பின்னால் வரவில்லை. இன்னும் ஒரு வாளி. இன்னும் ஒன்று.

கரையில் முதலில் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்தது. அடுத்த நொடி அது ஒரு குடம். அதற்கடுத்த நொடி கரையே வாய் பிளந்தது. பொக்லைனின் முன்பக்கம் அப்படியே உட்கார்ந்தது.

"குதி!" என்று மம்பட்டி அலறிக்கொண்டே தானும் பின்பக்கம் விழுந்தான்.

இயந்திரம் மூக்கைக் குத்திக்கொண்டு பள்ளத்தில் சரிந்தது. கதவு இருந்த பக்கம் மண்ணோடு அழுந்திக்கொண்டது. பழுப்புத் தண்ணீர் ஓட்டுநர் அறைக்குள் புகுந்து நிரம்புவது தெரிந்தது. செடிக்காரி பிளவின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கிழிந்த கையைத்தான் நீட்டினாள்; மற்றக் கையால் ஒரு வேரைப் பிடித்திருந்தாள். உடைந்த முன்கண்ணாடிச் சட்டத்தின் வழியாக ஒரு தலை வெளியே வந்தது. நெற்றியில் தோல் தொங்கியது. அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் தோளுக்குள் எதுவோ பட்டென்று கழன்றது. அவள் வீறிட்டாள், விடவில்லை. ரம்பத்தோடு வந்தவர்களில் இரண்டு பேர் ஓடி வந்து அவள் காலைப் பிடித்து இழுத்தார்கள். சற்று முன் அவள் விலாவில் உதைத்தவன் அதில் ஒருவன்.

அண்ணன் மேலே வந்து விழுந்தான். பின்னாலேயே பதினைந்து டன் இரும்பும் உருண்டு தாழ்வெளிக்குள் போனது. அதன் மேல் ஆறு விழுந்தது.

செடிக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து வரிசைகளின் மேல் நடந்தது. கன்றுகள் வளையவில்லை. வேரோடு, மண்ணோடு, ஊன்றுகோலோடு பிடுங்கிக்கொண்டு பறந்தன. முதல் வரிசை இரண்டாவதன் மேல் மோதியது, இரண்டாவது மூன்றாவதன் மேல். நாற்றுக் கொட்டகை தன் தூண்களை விட்டு நகர்ந்து கொஞ்ச தூரம் மிதந்து, காகிதம் போல் கசங்கிக் காணாமல் போனது. இருபதாயிரத்தில் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கும் வேலையே அவளுக்கு வைக்காமல், பத்து நிமிஷத்தில் தாழ்வெளி முழுவதும் ஒரே பழுப்பாகிவிட்டது.

இருபது நிமிஷத்தில் அந்தப் பக்கச் சுவரில் எழுத்துகளின் உச்சி மறுபடி தெரிந்தது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். மாடியிலிருந்த சின்ன உருவம் ஒன்று கையை ஆட்டியது. அவனால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பட்டறைத் தெருவே பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. நூறு பேர் இருக்கும். கோடாலி, அரிவாள், கடப்பாரை. ஒருவன் தோளில் மண்ணெண்ணெய் கேன். செய்தி அவர்களுக்கு முன்பே போயிருந்தது: மரத்தை வெட்டினார்கள், தண்ணீர் இறங்கியது.

"எங்கய்யா பட்டறைக்காரர்? தூக்குங்கய்யா அவரை!" என்றார்கள். "மனுஷன் மட்டும் மரத்தை வெட்டலேன்னா இந்நேரம் நாமெல்லாம் மிதந்துக்கிட்டிருப்போம். மிச்சம் எத்தனை நிக்குது? ஒண்ணு விடக் கூடாது. அந்தச் செடிக்காரி எங்க?"

அவள் அங்கேதான் இருந்தாள். இறங்கிய தோளைக் கையால் ஏந்திக்கொண்டு, கைவலியில் மயங்கிக் கிடந்த மம்பட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு. ஆம்புலன்ஸ் பாலத்தருகே கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தது.

நான்கு பேர் அண்ணனைத் தூக்கினார்கள். ஒருவன் விசில் அடித்தான். மண்ணெண்ணெய்க் கேன் மூடி திறந்தது.

செடிக்காரி அண்ணனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். தெரு அவனைத் தலைமேல் வைத்து ஆடும். கை ஒடிந்தவனை மறந்துவிடும். வளைவில் ஒரு மரம் மிஞ்சாது. அடுத்த வருஷம் கான்கிரீட் லாரி வரிசையாக வரும். ஏழு வருஷமாக அவன் கேட்டது அதைத்தான்.

"இறக்கி விடுங்கடா," என்றான் அண்ணன்.

"அட, சும்மா இருங்க தலைவரே..."

"இறக்குடாங்கிறேன்!" தூக்கியவனின் தலைமுடியைப் பிடித்து உலுக்கினான். இறக்கினார்கள். "நான் வெட்டின மரத்தால ஒரு விரக்கடை கூட இறங்கல. அது போய்ப் பாலத்தை அடைச்சுது. அதனாலதான் நம்ம சுவர்மேல ஏறுச்சு. தெருவை மூழ்கடிக்கப் பாத்தது நான்தான். தண்ணி இறங்குனது அங்க போனதால." பழுப்பாய்க் கிடந்த தாழ்வெளியைக் காட்டினான். "இவன் கையை ஒடிச்சதும் நான்தான். போலீஸ் வந்தா நானே சொல்றேன். மிச்ச மரத்துல எவனாச்சும் கை வச்சீங்க..."

முடிக்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. கேன் வைத்திருந்தவன் மூடியைத் திருகலாமா வேண்டாமா என்று நின்றான்.

"அப்ப காலையிலேருந்து ஏன்யா ஏறுச்சு?" என்று ஒரு கிழவர் கேட்டார். "நீங்க வெட்டறதுக்கு முன்னாடியே பாதிச் சுவருக்கு வந்துடுச்சே?"

அண்ணன் வாயைத் திறந்தான். தங்கையைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அவன் சொல்ல மாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. கழுத்தை நெரிப்பான், காட்டிக்கொடுக்க மாட்டான். அந்த மௌனத்துக்குள் அவள் சுகமாக ஒளிந்துகொள்ளலாம். மரம் நிற்கும். வேலையும் நிற்கும். அடுத்த மழையில் மறுபடி இருபதாயிரம் கன்று நடலாம். பாலத்தில் அந்தக் கோடும் அப்படியே இருக்கும்.

மம்பட்டியின் தலையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்னாலதான் ஏறுச்சு," என்றாள்.

நூறு முகமும் திரும்பின.

"கரையை எப்ப வெட்டணும்னு காட்டுற கோடு தப்பான இடத்துல இருக்கு. அது எனக்கு ஒரு வருஷமாத் தெரியும். மாத்தச் சொன்னாங்க. நான் மாத்தலை. காலையிலயே வெட்டியிருந்தா..."

முதல் கல் அவள் நெற்றியில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது, தோளில், கழன்ற தோளிலேயே. அவள் முழங்கால் மடங்கியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி ஆளெல்லாம் மங்கலானார்கள். ஏழு வருஷத்துக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். அவள் கையிலும் ஒரு கல்.

செடிக்காரி நகரவில்லை. நாக்கு புரளவில்லை, ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"காலையில ஒன்பது மணிக்கே வெட்டியிருக்கணும். ஸ்கேல் சார் எழுதின காகிதம் ஆபீஸ்ல இருக்கு. ரெண்டு காகிதம். தேதியைச் சொல்றேன், குறிச்சுக்கங்க..."

ஓங்கிய கை ஒன்றை அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நிற்கவில்லை. அவள் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு ஓரமாக நின்று, கல் வைத்திருந்தவளின் மணிக்கட்டை மட்டும் இறுகப் பிடித்திருந்தான்.

"முழுசாச் சொல்ல விடுங்க," என்றான். "அப்புறம் அடிங்க."